அழகும் சமத்துவமும்

2018 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் சென்னையிலிருந்து ஒரு செய்தி வந்தது. வடசென்னையிலுள்ள ஸ்டான்லி அரசினர் மருத்துவமனையில், மார்பகத்தைப் பெரிதாக்குவதும் திருத்தியமைப்பதுமான அழகுச் சத்திரசிகிச்சை ஏழைகளுக்கு இலவசமாகச் செய்யப்படும் என்பதே அச்செய்தி. உலகப் பத்திரிகைகள் இதனை ஒரு விந்தையாக வெளியிட்டன. படித்தவர்களுட் பலர் சிரித்தனர், சிலர் முகஞ்சுளித்தனர். ஆயின், அன்று தமிழ்நாட்டின் மக்கள் நல்வாழ்வுத்துறை அமைச்சராயிருந்த சி. விஜயபாஸ்கர் எழுப்பிய வினா சிரித்துத் தள்ளிவிடக்கூடியதன்று. அழகுச் சிகிச்சை ஏழைகளுக்கு ஏன் கிடைக்கக்கூடாது என்று அவர் கேட்டார். அரசு இதனைச் செய்யாவிடின் ஏழைகள் பெருங்கடன் பட்டோ, ஆபத்தான வழிகளை நாடியோ இதனைப் பெற முயல்வர் என்பதும் அவர் காட்டிய காரணம்.

சமத்துவத்தில் நம்பிக்கை வைத்த நமக்கு இவ்வினா ஒரு சோதனையாகும். செல்வருக்குக் கிடைக்கும் வைத்தியம் வறியவருக்கும் கிடைக்கவேண்டும் என்று வாதாடி வந்தவர்கள் நாம். இலவசக் கல்வியையும் இலவச வைத்தியத்தையும் இந்நாட்டு மக்கள் பெற்ற பெரும் பேறுகளெனப் போற்றி வருபவர்கள் நாம். அங்ஙனமாயின், அழகையும் அந்தப் பட்டியலிற் சேர்த்துக்கொண்டால் என்ன? வேண்டாம் என்று சொல்வதற்கு நாம் யார்? ஏழைக்கு இன்னது தேவை, இன்னது தேவையில்லை என்று விதிக்கும் அதிகாரத்தை எங்கிருந்து பெற்றோம்? மாறாக, வேண்டும் என்று சொல்வோமாயின் அதனோடு சேர்த்து வேறு எதனை ஏற்றுக்கொள்கிறோம்? இக்கேள்விகளை நேர்மையோடு எதிர்கொள்ள முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வன்னியில் வாழும் எமக்கு இது தூரத்துச் சங்கதி என்று தோன்றலாம். நெல்லுக்கு நியாய விலையில்லை, காணாமற்போன பிள்ளையைப் பற்றிய கேள்விக்கு விடையில்லை என்று மக்கள் தெருவோரத்திற் குந்தியிருக்கும் மண்ணில், மார்பகத்தின் அளவைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்றும் சிலர் கேட்பர். ஆயின், சத்திரசிகிச்சை வந்துசேராத ஊருக்கும் அளவுகோல் வந்துசேர்ந்துவிட்டது. பரந்தனிலும் புதுக்குடியிருப்பிலும் நெடுங்கேணியிலும் மாணவியின் கையிலே கைத்தொலைபேசி இருக்கிறது. பெண்ணின் உடல் எவ்வாறு அமையவேண்டும் என்ற பாடத்தை அது இடைவிடாது நடத்துகிறது. நமது வகுப்பறையில் ஒரு பாடம் மணி அடித்ததும் முடிந்துவிடும். அந்த வகுப்புக்கு மணி அடிப்பதேயில்லை.

இவ்வினாவுக்கு எளிதாகச் சொல்லப்படும் விடை ஒன்றுண்டு. சோற்றுக்கு வழியில்லாதவளுக்குச் சிங்காரம் எதற்கு என்பதே அது. இந்த விடையை நாம் முதலிலேயே மறுத்துவிடவேண்டும். இதனைச் சொல்பவர் பெரும்பாலும் தமது சட்டையை மடிப்புக் கலையாமல் அணிந்தபடியேதான் சொல்கிறார். தம் மகனுக்குப் பெண் பார்க்கும்போது நிறத்தையும் உயரத்தையும் உடற்கட்டையும் விசாரித்துவிட்டே தரகரை அடுத்த வீட்டுக்கு அனுப்புகிறார். பெண்ணின் தோற்றத்துக்கு விலை வைத்து, குறைந்த தோற்றத்துக்குக் கூடிய சீதனம் கேட்கும் ஒரு சமுதாயம், தன் தோற்றத்தைப் பற்றி ஒரு பெண் கவலைப்படும்போது அவளுக்கு அகம்பாவம் என்று பழி சூட்டுமாயின், அதைவிடப் பெரிய போலித்தனம் வேறு என்ன இருக்கமுடியும்?

அன்றியும், ஏழைக்குப் பசி மட்டுமே உண்டு என்று எண்ணுவதும் ஏழையை இழிவுபடுத்துவதேயாம். 2009 ஆம் ஆண்டில் ஏறக்குறைய மூன்று இலட்சம் மக்கள் வவுனியாவின் முகாம்களில் அடைபட்டுக் கிடந்தனர். வரிசையில் நின்று பெற்ற தண்ணீரில் ஒரு சிறங்கையை மிச்சம்பிடித்துச் செம்புழுதியிலே தெளித்துக் கூடார வாசலிற் கோலமிட்ட பெண்களை அங்கே கண்டோம். உடைந்த கண்ணாடித் துண்டொன்றைக் கூடாரத்துக்குக் கூடாரம் கைமாற்றித் தலைவாரிய பெண்களையும் கண்டோம். வீட்டையும் வயலையும் உற்றாரையும் இழந்தவர்கள் அழகுணர்ச்சியை இழக்கவில்லை. அவர்கள் மனிதராய் நிலைத்திருந்ததற்கு அதுவும் ஒரு சான்று. எனவே அழகு ஏழைக்கு உரியதா என்பது நமது கேள்வியாக இருக்கமுடியாது. உரியதுதான். அழகு என்ற பெயரில் கொடுக்கப்படும் பொருள் யாது, அதனை அளக்கும் கோல் யாருடையது என்பவையே நமது கேள்விகள்.

இந்தச் சத்திரசிகிச்சையின் வரலாறு அக்கேள்விகளுக்கு ஓரளவு விடை தருகிறது. 1895 ஆம் ஆண்டில், ஜேர்மனியின் ஹைடல்பேர்க் நகரில் வின்சென்ஸ் சேர்னி என்னும் நிபுணர், கட்டி அகற்றப்பட்டமையால் மார்பகம் சிதைந்த பெண்ணொருத்திக்கு, அவளுடைய உடலின் வேறோரிடத்திலிருந்து எடுத்த கொழுப்புத் திரளைப் பொருத்தினார். நோய் பறித்ததை மீட்டுக் கொடுப்பதாகவே இக்கலை தொடங்கியது. பின்னர் பரபினை ஊசியால் ஏற்றினர். திரவச் சிலிக்கோனை ஏற்றினர். இவற்றால் உடல் அழுகிய பெண்கள் பலர்.

இன்று நாம் அறிந்த சிலிக்கோன் பையின் கதை 1962 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலே தொடங்குகிறது. தோமஸ் குரோனின், பிராங்க் ஜெரோ என்னும் வைத்தியர் இருவர் அப்பையை உருவாக்கியிருந்தனர். அதனை முதன்முதல் ஏற்றுக்கொண்ட பெண் செல்வச் சீமாட்டியல்லள், சினிமா நட்சத்திரமுமல்லள். ஆறு பிள்ளைகளின் தாய், தொழிற்சாலையில் உழைத்தவள், திம்மி ஜீன் லின்ட்சி என்பது அவள் பெயர். அவள் சென்றது வறியோருக்கான ஜெபர்சன் டேவிஸ் வைத்தியசாலைக்கு. சென்ற காரணம், மார்பிலே குத்தியிருந்த பச்சையை அழிப்பதற்கு. மார்பைப் பெரிதாக்கும் எண்ணம் அவளுக்கு இருக்கவில்லை. வைத்தியர்களே அதனைப் பிரேரித்தனர். தன் காதுகள் வெளியே துருத்தி நிற்பதுதான் தன் குறை என்று அவள் கருதினாள். காதுகளையும் திருத்தித் தருவதாக அவர்கள் கூறவே அவள் இசைந்தாள்.

இந்தச் சிறு வரலாற்றை நாம் ஊன்றி நோக்கவேண்டும். குறை முன்னே இருந்து மருந்து பின்னே வரவில்லை. மருந்து முதலில் வந்து குறையைத் தேடிச் சென்றது. அது தேடிக் கண்டடைந்த முதல் உடல் ஒரு ஏழைத் தொழிலாளியின் உடல். ஏழையின் உடலிலே சோதிக்கப்பட்ட பொருள் செல்வரின் கடைக்குச் சென்று, விலையேறி, ஆசையாக வளர்ந்து, 56 ஆண்டுகளின் பின் இன்னொரு நாட்டின் தரும வைத்தியசாலை வாசலிலே சமத்துவம் என்ற பெயருடன் வந்து நிற்கிறது.

இடைப்பட்ட காலத்தில் நடந்தவற்றையும் மறந்துவிடலாகாது. பைகள் கிழிந்தன, சுற்றியுள்ள தசை இறுகி வலித்தது, வழக்குகள் குவிந்தன. 1992 இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சிலிக்கோன் பைகளை அழகுக்காகப் பயன்படுத்துவதை நிறுத்தியது. 1995 இல் அவற்றைச் செய்த டவ் கோர்னிங் நிறுவனம் வழக்குகளின் சுமையால் வங்குரோத்துப் பாதுகாப்பை நாடியது. இப்பைகளின்மீது சாட்டப்பட்ட நோய்கள் எல்லாவற்றையும் பிற்கால ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். 2006 இல் தடை நீங்கியது. ஆயின் 2010 இல் பிரான்சின் பீ.ஐ.பீ. நிறுவனம், இலாபத்தைப் பெருக்கும்பொருட்டு, மனித உடலுக்கென அங்கீகரிக்கப்படாத தொழிற்சாலைச் சிலிக்கோனைப் பைகளில் நிரப்பி விற்றுவந்தமை வெளிப்பட்டது. ஏறக்குறைய மூன்று இலட்சம் பெண்களின் உடல்களுள் அப்பைகள் இருந்தன. அதன் அதிபருக்கு 2013 இல் நான்கு ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 2019 இல், சொரசொரப்பான மேற்பரப்புடைய ஒருவகைப் பை அரிதான நிணநீர்ப் புற்றுநோயோடு தொடர்புடையதென்று காணப்பட்டு, உலகெங்கும் மீளப்பெறப்பட்டது. பண்டம் பழுதானால் விற்பனையாளன் திரும்பப் பெறுகிறான். இங்கே திரும்பப் பெறவேண்டிய பண்டம் பெண்ணின் உடலினுள்ளே இருந்தது.

இன்றைய நிலை யாது? சர்வதேச அழகியற் பிளாஸ்ரிக் சத்திரசிகிச்சைச் சங்கத்தின் கணக்கின்படி, மார்பகத்தைப் பெரிதாக்கும் சத்திரசிகிச்சைகள் 2022 இல் உலகெங்கும் சுமார் 21 இலட்சத்து 70 ஆயிரம். 2023 இல் சுமார் 19 இலட்சம். பொருத்திய பையை அகற்றுவித்துக்கொள்ளும் பெண்களும், சிறிய பைகளையே கேட்கும் பெண்களும் பெருகி வருகின்றனர். நேற்றுப் பெரிது வேண்டும் என்ற சந்தை இன்று சிறிது வேண்டும் என்கிறது. இரவிக்கையின் கைநீளம் மாறுவதுபோல மார்பின் அளவும் மாறுகிறது. இரவிக்கையைக் கழற்றி மடித்து வைத்துவிடலாம். தசையை என்ன செய்வது?

இவ்விடத்தில் இலவசம் என்ற சொல்லையும் சிறிது உரைத்துப் பார்க்கவேண்டும். இப்பைகள் ஆயுட்காலம் முழுவதற்கும் உரியவையல்ல என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே அறிவித்துள்ளது. சிலிக்கோன் பை பொருத்திய ஐந்து அல்லது ஆறு ஆண்டுகளிலும், அதன்பின் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும், அது கசிகிறதா என்று அறிய ஸ்கான் பரிசோதனை வேண்டும் என்பது அதன் ஆலோசனை. கிழிந்தால் மீண்டும் கத்தி வைக்கவேண்டும். செல்வந்தப் பெண்ணுக்கு இவை செலவுகள். நாட்கூலிப் பெண்ணுக்கோ, வைத்தியசாலைக்குச் செல்லும் ஒவ்வொரு நாளும் ஒரு நாட்கூலியின் இழப்பு. சத்திரசிகிச்சை நடக்கும் அன்று இருவரும் சமம். மறுநாள் காலையிலிருந்து ஏற்றத்தாழ்வு மீண்டும் தொடங்கிவிடுகிறது. இம்முறை உடலின் உள்ளே இருந்துகொண்டு.

எனினும் இவை யாவும் செலவையும் ஆபத்தையும் பற்றிய வாதங்கள். நாளை ஆபத்தேயில்லாத, பழுதேபடாத ஒரு முறை கண்டுபிடிக்கப்படலாம். அப்போதும் நமது தயக்கம் எஞ்சி நிற்குமா? நிற்கும் என்றே நான் கருதுகிறேன். அதன் காரணத்தை அறியச் சமத்துவம் என்னும் கருத்தையே சிறிது ஆராயவேண்டும்.

உலகிற் பங்கிடப்படும் நன்மைகள் இருவகை. ஒருவகை, எல்லோருக்கும் கிடைத்தாலும் தன் பயன் குறையாதது. சோறு அத்தகையது, எழுத்தறிவு அத்தகையது. அயலவன் உண்டதனால் என் வயிறு காய்வதில்லை. மற்றொரு வகை, பிறரிடம் இல்லாதிருக்கும்வரை மட்டுமே பயன் தருவது. வற்றாப்பளைக் கண்ணகையம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலிற் கூடும் சனத்திரளை எண்ணிப் பாருங்கள். முன்னால் நிற்பவன் நுனிக்காலில் எழும்பினால் அவனுக்கு நன்றாகத் தெரியும். அவனைக் கண்டு பின்னால் நிற்பவன் எழும்ப, அவனைக் கண்டு மற்றவன் எழும்ப, ஈற்றில் எல்லோரும் நுனிக்காலில் நிற்பர். தெரிவது முன்போலவேதான் தெரியும். கால் மட்டும் நோகும். புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிள்ளைகளை மாலை வகுப்புக்கு அனுப்பும் பெற்றோரை நாம் தினமும் காண்கிறோம். ஒரு பிள்ளை சென்றபோது முந்தியது. எல்லாப் பிள்ளைகளும் சென்றபோது வரிசை பழைய வரிசையாகவே நின்றது. விளையாட்டு நேரம் மட்டும் போய்விட்டது.

மார்பகத்தைப் பெரிதாக்குவது இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. கலியாணச் சந்தையிலோ சினிமாத் திரையிலோ ஒருத்தி பெறும் மேன்மை, அடுத்தவள் பெறும் தாழ்வினால் ஆனது. அதனை எல்லோருக்கும் பங்கிட்டால் மேன்மை மறைந்து அளவுகோல் மட்டும் உயரும். நேற்றுவரை தன் உடலைப் பற்றி எண்ணியே பாராத பெண் நாளை குறையுடையவள் ஆவாள். ஏற்றத்தாழ்வையே மூலப்பொருளாகக் கொண்ட ஒன்றைச் சமமாகப் பங்கிடுதல் இயலாத காரியம்.

இதற்கு மாறான எடுத்துக்காட்டு ஒன்றும் நம் வரலாற்றிலே உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில், தென்திருவிதாங்கூரிலே நாடார் குலப் பெண்கள் தம் மார்பை மூடும் உரிமைக்காகப் போராடினர். மேற்சாதியார் முன் மார்பை மறையாது நிற்பதே அவர்களுக்கு விதிக்கப்பட்ட மரியாதை. பல ஆண்டுகள் நீடித்து, அடியும் தீவைப்பும் கண்ட அப்போராட்டத்தின் பின், 1859 இல் மன்னர் ஆணையினால் அவர்கள் மார்பை மூடும் உரிமையைப் பெற்றனர். அப்போதும் மேற்சாதிப் பெண்களைப் போன்று உடுத்தல் ஆகாது என்ற நிபந்தனையோடு. யாழ்ப்பாணத்திலும் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களுக்கு மேலாடை மறுக்கப்பட்டிருந்தமை நாம் அறிந்ததே. அப்பெண்களும் மேலோரிடம் இருந்ததைத்தானே கேட்டனர்? ஆம். ஆயின் ஒருத்தி சேலையால் மார்பை மூடியதனால் இன்னொருத்தியின் மானம் குறையவில்லை. குறைந்தது ஆதிக்கம் மட்டுமே. எல்லோரும் மேலாடை அணிந்த நாளில் அந்த அளவுகோல் முறிந்து விழுந்தது. எந்தக் கோரிக்கை நிறைவேறும்போது அளவுகோல் முறிகிறதோ அது சமத்துவக் கோரிக்கை. எது நிறைவேறும்போது அளவுகோல் மேலும் நீள்கிறதோ அது சமத்துவத்தின் வேடம் புனைந்த வேறொன்று.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். அப்படியாயின் புற்றுநோயால் மார்பகத்தை இழந்த பெண்ணுக்கும் இச்சிகிச்சையை மறுப்பாயா? தீயிற் கருகிய முகத்தைத் திருத்துவதையும் வீண் என்பாயா? இல்லவே இல்லை. பருத்த மார்பின் பாரத்தால் முதுகும் தோளும் நொந்து வருந்தும் பெண்ணுக்கும், இரு மார்பும் ஒவ்வாது அமைந்ததால் ஒடுங்கி வாழும் பெண்ணுக்கும் கத்தி தரும் விடுதலையை மறுப்பவன் மனிதனல்லன். அந்தச் சிலிக்கோன் பையும் அந்தக் கத்தியும் இங்கும் அவையேதான். வேறுபாடு கருவியிலே இல்லை. அக்கருவி அவளை எங்கே கொண்டுசென்று விடுகிறது என்பதிலே இருக்கிறது. சிதைந்ததைச் சீர்செய்யும் சிகிச்சை, பெண்ணைத் தன் உடலை மறந்து வாழக்கூடிய நிலைக்கு மீட்டுத் தருகிறது. பெருக்கும் சிகிச்சை, தன் உடலை ஒருபோதும் மறக்கமுடியாத போட்டிக்குள் அவளை இறக்கிவிடுகிறது. எல்லைக்கோட்டில் நிற்கும் பெண்கள் இருப்பர். அவர்கள் விடயத்தில் வைத்தியரும் அப்பெண்ணும் கலந்து முடிவு செய்யட்டும். எல்லையில் மயக்கம் உண்டு என்பதனால் எல்லையே இல்லை என்று ஆகிவிடாது.

சீர்செய்யும் சிகிச்சையைப் பற்றிப் பேசும்போது வன்னி இவ்விடயத்தின் நடுவே வந்து நிற்கிறது. இலங்கைப் பெண்களிடையே அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. அதற்குச் சிகிச்சை பெற முல்லைத்தீவுப் பெண் தெல்லிப்பழைக்குச் செல்லவேண்டும். அல்லது மகரகமைக்குச் செல்லவேண்டும். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக் கட்டடமே, 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்து சேர்த்த பணத்திலே எழும்பியது. பேருந்துக் கட்டணத்துக்குக் கடன் வாங்கி, மார்பகத்தை வெட்டுவித்து, மருந்தேற்றி, முடியிழந்து வீடு திரும்பும் பெண், வெறுமையான பக்கத்தில் துணியை மடித்து வைத்துச் சட்டை அணிகிறாள். மீட்டுருவாக்கும் சத்திரசிகிச்சை என்று ஒன்று உண்டென்பதையே அவளுக்குச் சொல்வார் யார்? அமெரிக்காவிலே, மார்பகத்தை அகற்றுவதற்குப் பணம் கொடுக்கும் காப்புறுதி அதனை மீட்டுருவாக்குவதற்கும் கொடுக்கவேண்டும் என்று 1998 இல் சட்டம் செய்யப்பட்டது. சமத்துவத்தின் பேரால் ஒன்றைக் கேட்பதாயின் நாம் கேட்கவேண்டியது அதுவன்றோ?

ஆயின் சட்டமும் சத்திரசிகிச்சையும் வரும்வரை அவள் ஏன் வெளியே வர அஞ்சுகிறாள்? இவ்வச்சத்தின் விந்தையை எண்ணும்போது நெஞ்சு துணுக்குறுகிறது. நீதி தவறிய நகரை எரிக்கத் தன் மார்பகத்தைத் தானே திருகி எறிந்தவள் கண்ணகி. அவள் மதுரையை எரித்தபின் இம்மண்ணுக்கு வந்து தங்கினாள் என்று நம்பி, வற்றாப்பளையிலே கடல்நீரில் விளக்கெரித்துப் பொங்கலிட்டு வழிபடுகிறவர்கள் வன்னி மக்கள். அவள் கதையைக் கோவலன் கூத்தாக ஆடி விடியவிடியக் கண்விழித்தவர்கள். மார்பகத்தை இழந்தவளைத் தெய்வமாக்கிக் கும்பிடும் ஊரிலே, மார்பகத்தை இழந்த மனுஷி வேலிக்குப் பின்னே ஒளிந்து வாழ்கிறாள்! கல்லிலே காணும்போது வீரம்; அயல்வீட்டிலே காணும்போது ஊனமா?

போரின் வடுக்களுக்கும் இதுவே நேர்ந்தது. ஷெல் துண்டுகளை உடலிற் சுமந்தபடி வாழும் பெண்கள் இம்மாவட்டங்களில் எத்தனையோ பேர். அவர்களுட் சிலர் ஆயுதம் ஏந்தியவர்கள். பலர் பிள்ளையை அணைத்தபடி பதுங்குகுழியிற் கிடந்தவர்கள். ஒரு காலத்தில் அவ்வடுக்களின் முன் தலைவணங்கிய அதே சமுதாயம், 2009 க்குப் பின் அவற்றைக் கலியாணத்துக்குத் தடையான குறைகளாக எண்ணத் தொடங்கியது. பெண்ணின் உடல் மாறவில்லை. பார்ப்பவர் கையிலிருந்த அளவுகோல்தான் மாறியது. அளவுகோல் மாறக்கூடியது என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டுமா? மாறக்கூடியதை மாற்றவும் கூடும் என்பதே இதிலுள்ள ஒரேயொரு ஆறுதல்.

உடலைப் பற்றிய வெட்கம் உயிரையும் பறிக்கிறது. 35 வயதடைந்த பெண்கள் மார்பகத்தையும் கருப்பைக் கழுத்தையும் பரிசோதித்துக்கொள்வதற்கென்று 1996 முதல் இந்நாட்டிலே சுகவனிதையர் சிகிச்சை நிலையங்கள் இயங்கி வருகின்றன. கட்டணம் இல்லை. ஆயினும், மார்பிலே கட்டி தட்டுப்பட்டதை மாதக்கணக்காகக் கணவனுக்கும் சொல்லாது, தாதிக்கும் காட்டாது மறைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். ஒருபுறம் மார்பகம் போதாது என்ற வெட்கம் செல்வந்த நாடுகளிற் பெண்ணைக் கத்தியின் முன் கொண்டுசெல்கிறது. மறுபுறம் மார்பகம் என்ற சொல்லையே உச்சரிக்கக் கூசும் வெட்கம் இங்கே பெண்ணைக் கத்திக்குக் காலந்தாழ்த்தி அனுப்புகிறது. இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. பெண்ணின் மார்பகம் அவளுடைய உறுப்பு என்பதை மறந்து, பிறர் பார்ப்பதற்கான பொருள் என்று கொள்ளும் வழக்கமே அந்த வேர். நமது இலக்கிய மரபும் இதற்குப் பங்களித்தது. பாதாதிகேசம் என்றும் கேசாதிபாதம் என்றும் பெண்ணை உறுப்புறுப்பாகப் பிரித்து உவமை தேடிய புலவனுக்கும், உறுப்புறுப்பாகப் பிரித்து விலைப்பட்டியல் எழுதும் இன்றைய அழகுக்கூடத்துக்கும் இடையே உள்ள தூரம் நாம் எண்ணுமளவு பெரிதன்று.

இனி, மிகக் கடினமான கேள்விக்கு வருவோம். அளவுகோலை முறிப்போம் என்கிறாய். அது முறியும்வரை என் வாழ்க்கை காத்திருக்குமா என்று ஒரு பெண் கேட்டால் என்ன சொல்வது? சமுதாயம் மாறட்டும், பிறகு உன் துயரம் தீரும் என்று பெண்களிடம் சொல்லிச் சொல்லியே ஆண்கள் பல இயக்கங்களை நடத்திவிட்டனர். அந்தப் பொய்யை நாமும் சொல்லலாகாது. அவளுடைய உடலைப் பற்றிய முடிவு அவளுடையதே. தன் உழைப்பின் பணத்தில், உண்மைகளை அறிந்து, அவள் அதனைச் செய்வித்துக்கொண்டால் அவளைப் பழிக்க எவருக்கும் உரிமையில்லை. ஆயின், அவள் என்ன செய்யவேண்டும் என்பது ஒரு கேள்வி. பொதுப்பணம் எதனைத் தேவையென்று பிரகடனம் செய்யவேண்டும் என்பது வேறொரு கேள்வி. அரசு ஒன்றை இலவசமாகக் கொடுக்கும்போது அதனைக் கொடுப்பதோடு நிற்பதில்லை; இது இல்லாதவள் குறையுடையவள் என்று முத்திரையும் குத்திவிடுகிறது.

கடனைப் பற்றி அமைச்சர் சொன்னதும் இங்கே விடை பெறுகிறது. கடனின் கொடுமையை வன்னிப் பெண்ணுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அதே 2018 ஆம் ஆண்டிற்றான், வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களை இலங்கை அரசு இரத்துச் செய்ய நேர்ந்தது. ஆயினும், சீதனத்துக்காகத் தகப்பன் கடன்படுகிறான் என்பதற்காக அரசே சீதனம் கொடுத்தால் சீதனம் ஒழியுமா? கொடுப்பவன் மாறுவான், கேட்பவன் கேட்டுக்கொண்டேயிருப்பான்.

ஸ்டான்லி மருத்துவமனையே இதற்கோர் உவமையைத் தருகிறது. அங்கே 1971 இல் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி தொடங்கிய கை சத்திரசிகிச்சைத் துறை இந்தியாவுக்கே வழிகாட்டியது. இயந்திரத்திற் சிக்கிச் சிதைந்த தொழிலாளியின் கையைத் தைத்து, அவனுடைய உழைப்பை அவனுக்கே மீட்டுக் கொடுப்பது அத்துறையின் பெருமை. நசுங்கிய கையைத் தைக்கவும் வேண்டும். இன்னொரு கை நசுங்காதபடி இயந்திரத்துக்கு வேலி போடவும் வேண்டும். இரண்டையும் ஒருசேரக் கேட்பதே தொழிலாளர் இயக்கத்தின் மரபு. ஒன்றுக்காக மற்றதைக் காத்திருக்கச் சொல்வதில்லை. ஆயின், இயந்திரத்தின் வாய்க்குப் பொருந்தும்படி நசுங்காத கையை வெட்டித் திருத்திக் கொடுப்பதை வைத்தியம் என்று எவரேனும் சொல்வாரா? பெண்ணின் நலமான மார்பைச் சந்தையின் அளவுக்கு வெட்டித் திருத்துவதை மட்டும் ஏன் அவ்வாறு சொல்கிறோம்?

எனவே அமைச்சரின் வினாவுக்கு நமது விடை இது: அழகு ஏழைக்கும் உரியது. ஆனால் அவளை ஏழையாக்கிய அதே சந்தை வார்த்த அளவுகோலுக்கு அழகு என்று பெயரிட்டு அவளிடம் நீட்டுவதைச் சமத்துவம் என்று நாம் ஏற்கமாட்டோம். புற்றுநோயும் தீயும் போரும் பறித்தவற்றை மீட்டுக் கொடுக்கும் சிகிச்சை, கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் மன்னாருக்கும் எட்டும் தூரத்தில், கட்டணமின்றிக் கிடைக்கவேண்டும். அதற்காக நாம் கையெழுத்துச் சேர்க்கலாம், கூட்டம் கூட்டலாம், குரல் கொடுக்கலாம்.

இயந்திரத்துக்கு வேலி போடும் வேலையிற் பெரும்பங்கு ஆசிரியரையும் மாணவரையும் சாரும். சுகாதாரப் பாடத்தில் உடலுறுப்புகளைப் பற்றிய பக்கத்தை, நீங்களே வாசித்துக்கொள்ளுங்கள் என்று தாண்டிச் செல்லும் வழக்கத்தை இனியேனும் விட்டொழிப்போம். மார்பகம் என்ற சொல்லை வகுப்பறையில் நிமிர்ந்து நின்று உச்சரிப்போம். மாணவியரின் தாய்மாரைச் சுகவனிதையர் நிலையத்துக்கு அழைத்துச் செல்வோம். பேச்சுப் போட்டி மேடையிற் கண்ணகியைப் புகழும் மாணவனிடம், உன் அயலிலே மார்பகத்தை இழந்து வாழும் அக்காவை நீ எப்படிப் பார்க்கிறாய் என்று கேட்போம். பெண் பார்க்கச் செல்லும் நண்பனிடம், நீ எதனை அளக்கப் போகிறாய் என்று கேட்போம். பெண்கள் தம் உடலை ஒரு குற்றப்பத்திரிகையாகச் சுமக்காமல், கைகால்களைப்போல இயல்பாக மறந்து நடமாடும் காலமே அழகு உண்மையிற் பொதுவுடைமையான காலமாகும்.